காக்காவைத் தாத்தா என்கிறாள்: சிரிக்கலாமா, திருத்தலாமா?

கித்தாக்காட்டு அம்மா (சுங்கை சிப்புட், மலேசியா), ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு இரண்டரை வயது. வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் ‘க’ மட்டும் வரவே வராது, அந்த இடத்தில் எல்லாம் ‘த’ தான். கதவு ததவு, கோழி தோயி, கண்ணாடி தண்ணாடி. காக்கா? தாத்தா!

எங்கள் லயத்து வீட்டுக்குப் (தோட்டத்து வரிசை வீடு) பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் இருக்கிறது. காலையில் காக்காய்கள் வந்து உட்காரும். இவள் பின்வாசலில் நின்றுகொண்டு, “தாத்தா வா, தாத்தா வா, தோது சாப்பிது” என்று கூப்பிடுவாள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என் மாமனார், “இதோ வர்றேன் கண்ணு” என்று எழுந்து வருவார். முதல் தடவை இது நடந்தபோது வீடே சிரித்தது. மாமனார்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

பிரச்சினை அதற்கப்புறம் வந்தது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைக் கூடத்தில் நிறுத்தி, “அது என்ன, சொல்லு, சொல்லு” என்று கைப்பேசியில் காக்காய்ப் படத்தைக் காட்டுகிறார்கள். அவள் சொன்னதும் எல்லாரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். என் நாத்தனார் வீட்டுக்காரர் அவளைப் போலவே, “தாத்தா பறக்குது, தாத்தா மரத்துல ஏறிடுச்சு” என்று பேசிக் காட்டுகிறார். அவள் முதலில் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் “இல்ல, தாத்தா!” என்று கத்தினாள். அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். வந்து என் கைலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்விடுகிறாள்.

“பிள்ளை பேச்சுக்குச் சிரிக்காம வேற எதுக்குச் சிரிக்கிறது?” என்கிறார் மாமியார். அதுவும் நியாயம்தான். சிரிப்பே இல்லாத வீட்டில் என் பிள்ளை வளர வேண்டாம். ஆனால் இப்போது நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? உங்கள் பிள்ளைகள் மாற்றிச் சொன்னதையும் எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

மோட்டார் அப்பா (சுங்கை சிப்புட்), ஞாயிறு இரவு 10.05

தங்கச்சி, எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். மகனுக்கு மூன்று வயது. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “அப்பா, என்னைச் சாப்பிடு!” என்பான். ஊட்டிவிடச் சொல்கிறான். குளிக்க வைக்க வேண்டும் என்றால் “என்னைக் குளி”, தூங்க வைக்க வேண்டும் என்றால் “என்னைத் தூங்கு”. பக்கத்து வீட்டு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “என்ன தம்பி, பிள்ளையைச் சாப்பிட்டு முடிச்சாச்சா?” என்று கேட்காத நாள் இல்லை.

நேற்று, நாளை இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். “நேத்து பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போவோமா?” “நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துச்சு.” எது முன்னால், எது பின்னால் என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் திருத்துவதில்லை. “என்னைச் சாப்பிடு” என்றால், “சரி வா, ஊட்டிவிடறேன்” என்று சோற்றைப் பிசைகிறேன். என் மனைவியும் நானும் சிரிப்பது அவன் தூங்கின பிறகுதான். அவன் முன்னால் சிரித்தாலும் கூடவே சேர்ந்து சிரிப்பான், பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் இருக்கிறது. உங்கள் மகள் உள்ளே ஓடுகிறாள் என்றால் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மனிதரிடம் நேராகவே சொல்லுங்கள்.

தாடிகா டீச்சர் (கம்பார்), ஞாயிறு இரவு 10.50

எங்கள் பக்கம் தமிழ், மலாய் இரண்டும் கலந்து வருகிற குழப்பம்தான் அதிகம். என் அக்கா மகன் கதை. அப்பா, அம்மா இருவரும் தொழிற்சாலை வேலை. காலையில் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) விட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் பாட்டி வந்து தூக்கிக்கொள்வார். மாக்சிக் பால் புட்டியைக் காட்டி ‘சூசு’ என்று சொல்லிப் பழக்கியிருக்கிறார். மலாய்க்காரர்களுக்குப் பால் என்றால் அதுதான். பாட்டிக்குச் ‘சூசு’ என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பசியில் “சூசு, சூசு” என்று அழும். பாட்டி அவசரமாகக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அங்கே உட்கார வைத்து, “ம், போ கண்ணா, போ” என்பார். அவன் இன்னும் பெரிதாக அழுவான். பாட்டிக்கோ, பிள்ளைக்கு மூத்திரக் கடுப்பு வந்துவிட்டது என்ற பயம். சீரகத் தண்ணீரெல்லாம் கொதிக்க வைத்துவிட்டார்.

ஒருநாள் பாட்டி சீக்கிரம் போனபோது மாக்சிக் புட்டியை நீட்டி “சூசு” என்று சொல்வதைக் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இப்போது அந்த மாக்சிக் “பால் நாக்?” (பால் வேணுமா?) என்றுதான் கேட்கிறார். அவராகவே மாற்றிக்கொண்டார்.

இதே மாதிரி, ‘அப்பா’ என்று பிள்ளை வேலியோரம் நின்று கூப்பிட்டால் மாக்சிக் “ஆப்பா? ஆப்பா?” என்று வருவார், என்ன வேண்டும் என்று கேட்டபடி. பிள்ளையோ, இவரும் நம்மோடு சேர்ந்து அப்பாவைத் தேடுகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கும். எங்கள் தாடிகாவில் (பாலர் பள்ளி) ஒரு சிறுமி இருந்தாள், வீடு மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். மலாய் ஆசிரியை “மாரி, மாரி” என்று கைநீட்டி அழைத்தால் அவள் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கும்பிடுவாள். ஆசிரியை, தமிழ்ப் பிள்ளைகள் எவ்வளவு மரியாதையானவர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்!

கித்தாக்காட்டு அம்மா, இந்த மாதிரிச் சிரிப்பில் பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். உங்கள் வீட்டில் பிள்ளையை நிற்கவைத்துச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

கோலகங்சார் பாட்டி, திங்கள் காலை 6.15

மகளே, நான் பழைய ஆள். பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். எங்கள் காலத்தில் விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகளைத் தூக்கத்திலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போவோம். பால் வடியும் மங்குகளைக் கழுவி, பால் எடுத்து, ஸ்டோரில் எடை போட்டுவிட்டு வரும்போது மதியம் ஆகிவிடும். இருபது, முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆயா. அவர் மம்மம், தாச்சி, டாட்டா என்று அவர்கள் பாஷையிலேயே பேசுவார். யாரும் யாரையும் திருத்தவில்லை. எல்லாரும் நன்றாகத்தான் பேச வந்தார்கள்.

என் மூத்தவனுக்குத் ‘தங்கச்சி’ என்று சொல்ல வராது. ‘தச்சி’ என்பான். அப்படியே நாங்களும் கூப்பிட்டோம், லயமே கூப்பிட்டது, அவளுக்குப் பேரப்பிள்ளை வந்த பிறகும் அவள் தச்சி அத்தைதான். கல்யாணப் பத்திரிகையில் உண்மைப் பேரைப் பார்த்துவிட்டு, “இது யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டவர்கள் உண்டு. அவள் ஒருநாளும் அதற்கு வருத்தப்பட்டதில்லை. தச்சி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

சிரித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்றால் எங்கள் தலைமுறையில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நாக்கும் காதும் (தைப்பிங்), திங்கள் பகல் 1.20

நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பாட்டி சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம்: இந்தத் திரிபுகள் பெரும்பாலும் தாமே சரியாகும், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மறுபாதியில்தான் எனக்கு வேறு கருத்து. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ப’, ‘ம’ இரண்டும் உதட்டில் பிறக்கின்றன. குழந்தை அம்மா வாயைப் பார்த்தே அதைக் கற்கலாம். ‘த’ நாக்கு நுனியில், பல்லுக்குப் பின்னால். ‘க’ மட்டும் நாக்கின் பின்பக்கம் மேலே எழுந்து தொண்டைக்கு முன்னால் அடைக்க வேண்டும். வெளியே எதுவும் தெரியாது. அதனால் சிறு பிள்ளைகள் பலர் பின்னால் போக வேண்டிய ஒலியை முன்னால் கொண்டுவந்து ‘த’ ஆக்கிவிடுகிறார்கள். இது உலகத்தில் பல மொழிப் பிள்ளைகளிடமும் பார்க்கிற ஒன்று. மூன்றரை, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். உங்கள் மகளுக்கு இரண்டரைதான்.

இப்போது, அவள் “இல்ல, தாத்தா!” என்று கத்தினாள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1960இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுன் என்ற இருவர் இதே மாதிரி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு குழந்தை தன் பிளாஸ்டிக் மீனை ‘ஃபிஸ்’ என்கிறது. பெரியவர், “இது உன் ஃபிஸ்ஸா?” என்று கேட்கிறார். “இல்லை, என் ஃபிஸ்!” என்கிறது. திரும்பத் திரும்ப அப்படியே நடக்கிறது. கடைசியில் பெரியவர் “உன் ஃபிஷ்ஷா?” என்று சரியாகக் கேட்டதும், “ஆமா, என் ஃபிஸ்” என்கிறது.

குழந்தையின் காது சரியாக வேலை செய்கிறது. ‘ஃபிஸ்’ வேறு, ‘ஃபிஷ்’ வேறு என்று அதற்குத் தெரியும். வாய்தான் இன்னும் வந்து சேரவில்லை. தான் சரியாகச் சொல்வதாகவே அது நம்புகிறது. உங்கள் மகளும் அப்படித்தான். அவள் மனசுக்குள் காக்கா காக்காதான், தாத்தா தாத்தாதான். மாமா “தாத்தா பறக்குது” என்றால், அவள் காதில் விழுவது ஒரு பெரிய மனிதர் தப்பாகச் சொல்வது. அவள் திருத்தப் பார்க்கிறாள். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எதற்கு என்று அவளுக்கு விளங்கவே வழியில்லை. இரண்டரை வயதில் இதைவிடத் தனிமை என்ன இருக்கிறது?

அதனால் நான் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லிக் காட்டாதீர்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் உடனே பதில் சொல்லுங்கள். “தாத்தா வந்துச்சு” என்றால், “ஆமா, காக்கா வந்துச்சு! ரெண்டு காக்கா. காக்காவுக்குச் சோறு வைப்போமா?” அவ்வளவுதான். சரியான சொல் அவள் காதில் மூன்று தடவை விழுந்துவிட்டது, அவள் கேட்ட விஷயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. “க சொல்லு, எங்கே, க” என்று உட்காரவைக்க வேண்டாம்.

மோட்டார் அப்பா “சரி வா, ஊட்டிவிடறேன்” என்று சொன்னாரே, நாங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். சாப்பிடு, ஊட்டு; குளி, குளிப்பாட்டு என்று தான் செய்வதற்கும் பிறரைச் செய்ய வைப்பதற்கும் தமிழில் வேறு வேறு வினை இருக்கிறது. பிள்ளை ஒன்றை வைத்தே இரண்டு வேலையையும் முடிக்கப் பார்க்கிறான். அது மந்தம் இல்லை, மூளை விதி தேடுகிறது என்பதற்கு அடையாளம்.

கலாசாலை வாத்தியார் (சுங்கை சிப்புட்), திங்கள் மாலை 5.30

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். அம்மணி சொன்ன ஒலிப்பிறப்பைத் தொல்காப்பியம் பிறப்பியலில் அப்படியே காணலாம். ககரத்துக்கு நாவின் அடி, பகர மகரத்துக்கு இதழ். ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் சேர்த்து, நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். பிள்ளைகளுக்குக் கடைசியில் வருவதும் இந்த இரண்டும்தான். ‘ரயில்’ ‘லயில்’ ஆகும், ‘மழை’ ‘மயை’ ஆகும்.

என் பேரனுக்குப் பழம் என்றால் ‘பயம்’. “தாத்தா, எனக்குப் பயம் வேணும்” என்று வந்து நிற்பான். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி இடி இடித்து மின்சாரம் போய்விட்டது. இருட்டில் அவன் “பயம், பயம்” என்று அலறினான். என் மனைவி தட்டுத்தடுமாறிப் போய் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்தாள். அழுகையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டான். அவன் எதைச் சொன்னான் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் திருத்தவே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆண்டுக்கணக்கில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். ஏழு வயதில் ‘வாளப்பளம்’ என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்தில் வளையாததை ஐம்பதில் வளைக்க முடியுமா?

நாக்கும் காதும், திங்கள் இரவு 8.10

ஐயா, வணக்கம். ஏழு வயதில் வராவிட்டால் கட்டாயம் கவனிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் என்ன கேட்கிறார்கள்? அம்மா ‘பளம்’, அப்பா ‘பளம்’, கடைக்காரர் ‘பளம்’. பிள்ளை கேட்டதைச் சரியாகத்தான் சொல்கிறது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு வாய் வராதது ஒன்று, வீட்டில் அந்த ஒலியே இல்லாதது இன்னொன்று.

கலாசாலை வாத்தியார், திங்கள் இரவு 8.35

அது ஞாயமான பேச்சு. அப்படியானால் பெரியவர்கள் நாக்கை வளைக்கட்டும். கதை சொல்லும்போதாவது மழை, பழம், கிழவி, வாழை என்று நிறுத்திச் சொல்லுங்கள். பிள்ளையைத் திரும்பச் சொல்லச் சொல்ல மாட்டேன், ஆனால் அதன் காதுக்கு ழகரத்தைக் கொடுக்காமல் விடுவதும் சரியில்லை. இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரன்.

லிந்தாங் தம்பி, திங்கள் இரவு 11.20

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. என் மகனுக்கு இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள் ஆகிறது. மாற்றிச் சொல்ல அவனிடம் சொற்களே இல்லை. ‘ம்மா’, ‘தா’, அப்புறம் லோரியைப் பார்த்தால் ‘ஊஊ’. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பால் டின்னைக் காட்டுவான். அடிக்கடி சளி, காதில் கையை வைத்துக்கொண்டு அழுவான்.

வீட்டில், “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், நீயும் மூணு வயசுலதான் பேசின” என்கிறார்கள். வேலை இடத்தில் ஒருவர், “வீட்டில் தமிழ், பராமரிக்கிற இடத்தில் மலாய், கைப்பேசியில் இங்கிலீஷ், பிள்ளை குழம்பிப் போச்சு, தமிழை நிறுத்திப் பார்” என்றார். என்ன செய்வது என்று தெரியவில்லை. வேறு இழை தொடங்க வேண்டுமா என்றும் தெரியவில்லை, மன்னிக்கவும்.

கோலகங்சார் பாட்டி, செவ்வாய் காலை 6.30

தம்பி, பதறாதே. என் இரண்டாவது மகன் மூன்று வயது வரைக்கும் ஊமை மாதிரிதான் இருந்தான். கோயிலில் நாக்கில் தேன் தடவி வேண்டிக்கொண்டோம். இப்போது அவனை நிறுத்தச் சொன்னாலும் பேச்சை நிறுத்த மாட்டான்.

நாக்கும் காதும், செவ்வாய் காலை 7.05

வேலைக்குக் கிளம்பும் நேரம், ஆனால் இதை எழுதாமல் போக மனம் வரவில்லை. பாட்டி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். தாமதமாகத் தொடங்கித் தானே எட்டிப்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. யார் எட்டிப்பிடிப்பார்கள், யாருக்கு உதவி தேவை என்று இரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அதனால்தான் காத்திருக்கக் கூடாது என்கிறோம்.

தம்பி, ஒரு வயதில் கைகாட்டிக் கேட்பது, டாட்டா காட்டுவது இல்லையென்றாலோ, ஒன்றரை வயதை நெருங்கியும் ஒரு சொல்லும் இல்லையென்றாலோ, இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேரவில்லையென்றாலோ பார்க்க வேண்டும். எந்த வயதானாலும் இருந்த பேச்சு நின்றுபோனால் உடனே பார்க்க வேண்டும். உங்கள் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறான், லோரிக்குச் சத்தம் கொடுக்கிறான் என்பது நல்ல செய்தி. ஆனால் சளியும் காதில் கை வைப்பதும் என்னை யோசிக்க வைக்கிறது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். முழுச் செவிடு ஆகாது, தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி மங்கலாகக் கேட்கும். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் மாட்டான். வீட்டில் அதைப் பிடிவாதம் என்று நினைப்பார்கள். முதலில் செவித்திறன் பரிசோதனை, மற்றதெல்லாம் அப்புறம்.

கிளினிக்கில் மிஸ்ஸியிடம் (நர்ஸ்) குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டி, பேச்சும் செவியும் பார்க்க வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். 18 மாதத்திலும் 3 வயதிலும் அங்கே எம்-சாட் என்ற கேள்வித்தாள் நிரப்பச் சொல்வார்கள். 18 மாதத்தில் அது விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்கி நிரப்புங்கள். அது ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பார்ப்பது, செவிப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. அங்கிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு, மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்: ‘பால்’ ஒன்று, ‘பந்து’ ஒன்று, ‘கூச்சிங்’ (மலாயில் பூனை) ஒன்று, ‘பை-பை’ ஒன்று. அம்மாவும் பாட்டியும் மனசிலிருந்து பேசுகிற மொழியைப் பறித்துவிட்டு, தங்களுக்கே சரியாக வராத மொழியில் பிள்ளையிடம் பேசினால் அவனுக்குக் கிடைக்கும் பேச்சே குறைந்துபோகும்.

தாடிகா டீச்சர், செவ்வாய் பகல் 12.40

இதை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். “டீச்சர், சயா (மலாயில் ‘நான்’) பசிக்குது” என்பார்கள் ஐந்து வயதில். ஆறு வயது முடிவதற்குள் யாரிடம் எந்த மொழி என்று பிரித்துக்கொள்கிறார்கள். என்னிடம் தமிழ், தோட்டக்காரப் பாக்சிக்கிடம் (மலாய்க்காரப் பெரியவர்) மலாய். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கித்தாக்காட்டு அம்மா, புதன் இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. நாக்கும் காதும் அக்கா எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அந்த மீன் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் அவரே மகளிடம் போய்ச் சோதித்துப் பார்த்தார். படத்தைக் காட்டி, “இது தாத்தாவா?” என்றார். அவள், “இல்ல! தாத்தா ஊத்துல (வீட்டுல)” என்று கூடத்தில் இருந்த மாமனாரைக் கைகாட்டினாள். “அப்போ இது காக்காவா?” “ஆமா, தாத்தா” என்று தலையை ஆட்டினாள். மாமியார் அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, “அடி கண்ணு, உனக்கு எல்லாம் தெரியுதா!” என்றார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம், “அவளை ஒண்ணும் சொல்லச் சொல்லாதீங்க, பேசறப்ப கேட்டுக்கோங்க” என்று மாமியாரே சொல்லிவிடுகிறார்.

நாத்தனார் வீட்டுக்காரர் விஷயம்தான் முடியவில்லை. பக்குவமாகச் சொன்னேன். “பிள்ளையோட விளையாடறது கூடத் தப்பா? நீங்கல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். நாத்தனாருக்கும் வருத்தம். அவர் கெட்டவர் இல்லை, அவளுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கிவருவார். அவரோடு பேச்சு விட்டுப்போவதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மோட்டார் அப்பா, புதன் இரவு 9.50

தங்கச்சி, வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஆண்களுக்கு ரோசம் வரும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்க் காக்காய்க்குச் சோறு வைக்கச் சொல்லுங்கள். கேலி செய்யும் மாமாக்கள் எல்லாரும் பிள்ளை தன்னிடம் வர வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் இருந்தார். லோரி பொம்மை ஒன்றை உருட்டி விளையாட ஆரம்பித்த பிறகு அவன் பேச்சைப் பேசிக் காட்டுவதையே மறந்துவிட்டார்.

கோலகங்சார் பாட்டி, வியாழன் காலை 6.10

மகளே, அவர் வீட்டுக்கு நீயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை போய்விட்டு வா. கையில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு போ. உறவில் வருத்தம் வந்தால் சின்னவர்கள் ஒரு படி ஏறுவதில் குறைச்சல் இல்லை. ஆனால் பிள்ளை விஷயத்தில் நீ சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதே. மீன் கதையைப் பேரன் எனக்கும் படித்துக் காட்டினான். பிள்ளைக்குக் காது கேட்கிறது, நாம் செய்வது விளங்குகிறது என்றால் விட்டுவிட வேண்டியதுதான். லிந்தாங் தம்பி, நீயும் டாக்டரைப் பார்த்துவிடு. தேனும் தடவு.

லிந்தாங் தம்பி, வெள்ளி மாலை 4.45

கிளினிக் போனோம். மிஸ்ஸி பதிவேட்டைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் காதில் விளக்கு அடித்துப் பார்த்து, உள்ளே நீர் இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். ஈப்போவில் செவித்திறன் பார்க்கக் கடிதம் கொடுத்திருக்கிறார், தேதி அடுத்த மாதம். என் மனைவி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். தேதி வரைக்கும் சும்மா இருக்க வேண்டுமா, வீட்டில் ஏதாவது செய்யலாமா? இன்னொன்று, என்னிடம் காடி (கார்) இல்லை, மோட்டார்தான். மழையில் பிள்ளையோடு அவ்வளவு தூரம் போக யோசனையாக இருக்கிறது.

நாக்கும் காதும், வெள்ளி இரவு 8.30

தம்பி, நீர் கட்டுவது பெரும்பாலும் தானே வற்றிவிடும், வற்றாவிட்டாலும் மருத்துவம் இருக்கிறது. மனைவியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

வீட்டில் பேசும்போது அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட வேண்டாம். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள், பின்னணிச் சத்தம் இந்தக் காதுக்குப் பெரிய எதிரி. மைலோவையும் பாலையும் இரண்டு கையில் பிடித்து, “மைலோவா, பாலா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். கையைக் காட்டினாலும் போதும், “பால்! பால் வேணுமா? இந்தா பால்” என்று கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைக்காதீர்கள். அவன் செய்கிற சத்தங்களை, ‘ஊஊ’ உட்பட, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எதைப் பார்த்துச் சொன்னான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஈப்போவில் அந்த நோட்டைக் காட்டினால் அவர்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

மோட்டார் அப்பா, வெள்ளி இரவு 9.00

தம்பி, பெயர்தான் மோட்டார் அப்பா, வீட்டில் அண்ணன் காடி இருக்கிறது. தேதியை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன். காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட்டால் ஈப்போவில் காடி நிறுத்த இடம் கிடைக்கும். என் மகனும் வருவான். லோரியைப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்தே கத்தட்டும்.